மத்தியானச் சாப்பாட்டுப் பதில்

அந்தப் பதில் மூன்றே மூன்று வசனம். வேலை கடினம்தான், ஆனால் ஆட்கள் அருமையானவர்கள். இங்கே ஒரு நாளைப் போல இன்னொரு நாள் இருக்காது. வேறோர் இடத்தில் வேலை செய்வதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. பிரெஞ்சில் இன்னும் வடிவாக இருக்கும். இரண்டாவது வசனம் முடிந்ததும் தண்ணீர்க் கிளாசை எடுத்து ஒரு மிடறு குடித்துவிட்டு, அப்போதுதான் மனதில் தோன்றியது போல மூன்றாவதைச் சொல்ல வேண்டும். இந்தத் தண்ணீர் வேலையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானாகக் கண்டுபிடித்தது. அவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், மொன்றியல் நகர நடுவில் இருந்த ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் ஐந்து வருடம் சட்டத்தரணியாக வேலை செய்தேன். கம்பனிகளைக் கம்பனிகள் வாங்கும்போது பக்கத்தில் நின்று பத்திரம் எழுதுகிற நிறுவனம். ஒவ்வொரு வருடமும் மாசி மாதத்தில், வீதியில் பனி சேறாகிக் கிடக்கும் சமயத்தில், நகரத்தின் பெரிய நிறுவனங்கள் எல்லாம் சட்டம் படிக்கும் மாணவர்களைப் பெண் பார்ப்பது போலப் பார்க்கத் தொடங்கும். யாரைப் பயிற்சிக்கு எடுப்பது என்று சில வாரங்களிலேயே முடிவாகிவிடும். நேர்முகத்தை மேல் மாடியில் நிறுவனத்தின் சொந்தக்காரர்களான மூத்த சட்டத்தரணிகள், பங்குதாரர்கள், நடத்துவார்கள். அதற்கு முன் ஒரு மத்தியானச் சாப்பாடு. இளம் சட்டத்தரணிகள் இரண்டு பேர் மாணவரை உணவகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவோம். “மேலே கேட்கக் கூச்சமானதை எல்லாம் இவர்களிடம் கேட்கலாம்” என்று மாணவரிடம் முதலே சொல்லியிருப்பார்கள். சுற்றிவளைத்தாலும் எல்லோரும் கடைசியில் ஒன்றைத்தான் கேட்பார்கள். நீங்கள் இங்கே சந்தோசமாக இருக்கிறீர்களா?

அதற்கு என்ன சொல்வது என்று எங்களுக்கு அரை நாள் வகுப்பு வைத்தார்கள். மூன்று வசனமும் அங்கே பிறந்தவைதான். சாப்பாட்டுக்கு அனுப்பும் ஆட்களின் பட்டியலில் என் பெயர் எல்லா வருடமும் இருந்தது. நான் நன்றாகக் கதைப்பேன் என்பது ஒரு காரணம். என் நிறம் இன்னொரு காரணம். அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும், ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மேசையில் என்னை இருத்தினால் நிறுவனம் எல்லோரையும் வரவேற்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான் ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு வாடகை ஃபிளாட்டில் வளர்ந்தேன். பிரெஞ்சுப் பள்ளிக்கூடம், பிரெஞ்சுப் பல்கலைக்கழகம். அப்பா தொழிற்சாலையில் மாத்திரைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நிறுவனம் எனக்கு அடித்துக் கொடுத்த விசிட்டிங் கார்ட்டில் ஒன்றை வாங்கித் தன் பர்சில், மாதா படத்துக்குப் பின்னால் வைத்தார். அம்மா ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது, யாரும் கேட்காமலே என் அலுவலகம் எத்தனையாம் மாடி என்று சொல்வார்.

அந்த மாடியில் நான் என்ன செய்தேன் என்று அம்மா ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு எனக்கும் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. ஒரு கம்பனி இன்னொன்றை வாங்கப் போகிறது என்றால், விற்கிற கம்பனியின் ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாக ஒரு அறையில் வைப்பார்கள். நான் அந்த அறையில் இருந்து ஒவ்வொன்றாக வாசித்து, கைமாறினால் முறிந்துபோகும் ஒப்பந்தம் எது என்று குறித்துவைப்பேன். பிறகு பெட்டிகள் போய்விடும். வாங்கினார்களா, விற்றார்களா, அந்தத் தொழிற்சாலையில் இருந்தவர்களுக்கு என்ன ஆனது, எதுவும் எனக்கு வந்துசேராது. ஐந்து வருடத்தில் ஒரு வேலையையாவது தொடக்கத்திலிருந்து முடிவுவரை நான் கண்ணால் காணவில்லை. நீதிமன்றத்துக்குள் போனது இரண்டே தடவை. இரண்டு தடவையும் யாருக்கோ கோப்பு கொண்டுபோய்க் கொடுக்க.

என்னை வேலைக்கு எடுத்தவர் ஒரு பெண் பங்குதாரர். கியூபெக்காரி, ஐம்பதை நெருங்கியவர். அம்மா அவரை ஒருநாளும் பெயர் சொல்லிச் சொன்னதில்லை, “உன்ர மதாம்” என்றுதான் சொல்வார். நானும் இங்கே மதாம் என்றே எழுதுகிறேன். அவர் எனக்கு நல்லவராக இருந்தார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. நான் எழுதியதைப் பச்சை மையால் திருத்தித் தருவார், சிவப்பு மை ஆளைச் சின்னதாக்கும் என்பார். அப்பாவுக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரிக்கே வந்து, பிரெஞ்சில் ஒரு சொல்லும் விளங்காத அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணிநேரம் இருந்தார். அதன் பிறகு அவர் எள் என்றால் நான் எண்ணெயாக நின்றேன்.

ஒரு இலையுதிர்காலத்தில் நானும் அவரும் சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலைக்கு மூன்று வாரம் போய்வந்தோம். ஜன்னல் இல்லாத அறை, பெட்டிகள், மெஷின் கோப்பி. அப்பாவின் தொழிற்சாலையிலிருந்து இரண்டு வீதி தள்ளி. ஒரு பின்னேரம் மதாமின் காரில் திரும்பி வரும்போது டெக்காரி நெடுஞ்சாலை அசையாமல் நின்றுவிட்டது. மழை. அவர் வைப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நான் எதுவும் கேட்காமலே, சொல்லத் தொடங்கினார்.

“ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் எனக்கு வயிற்றைப் பிசையும். பத்தொன்பது வருடமாக. முதலில் சாப்பாடு என்று நினைத்தேன். பிறகு வைத்தியரிடம் போனேன். சாப்பாடு இல்லை, திங்கட்கிழமை.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“என் மகளுக்குப் பதினாறு வயது. அவள் மட்டும் சட்டம் படித்து இப்படி ஒரு இடத்துக்குப் போகப்போகிறேன் என்றால், வீட்டு வாசலில் குறுக்கே படுத்து மறிப்பேன். என்னை மிதித்துக்கொண்டு போகட்டும்.”

உண்மையில் எனக்கு உள்ளுக்குள் பெரிய சந்தோசம். எனக்கு மட்டும்தான் இப்படி, எனக்குத்தான் ஏதோ குறை, இவ்வளவு கிடைத்தும் நன்றி கெட்டவளாக இருக்கிறேன் என்று நான் நான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இவருக்குமா? வண்டிகள் அசையத் தொடங்கியபோது அவர், “இது நமக்குள் இருக்கட்டும்” என்றார். நான் தலையாட்டினேன். அன்றைக்கு ஃபிளாட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறது.

அடுத்த மாசியில் அம்மா எனக்கு வேலைக்கு நடுவில் தொலைபேசி எடுத்தார். அப்படி எடுப்பதென்றால் செத்தவீடாக இருக்க வேண்டும், அல்லது யாருக்கோ உதவி.

“பிள்ளை, லவாலில இருக்கிற அன்ரி பூசை முடியக் கதைச்சவ. அவவின்ர மகளும் லோ படிக்கிறாளெல்லோ, உன்ர ஒஃபீசுக்குத்தான் இன்டர்வியூவுக்கு வாறாளாம். ஒருக்கா நீ பாத்துக் கதையன்.”

“அம்மா, நான் ஆளை எடுக்கிற ஆள் இல்லை.”

“எடுக்கச் சொல்லேல்லை. எங்கட பிள்ளை. அதுக்கு இடம் எப்பிடி எண்டு ஒளிக்காமச் சொல்லு. வெள்ளைக்காரருக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லாதை.”

நான் அம்மாவுக்கு அந்த மூன்று வசனத்தைப் பற்றிச் சொன்னதே இல்லை. எப்படியோ பிடித்துவிட்டார்.

சாப்பாட்டுப் பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயரை என் பெயருக்கு நேரே போட்டுத் தரும்படி நானே கேட்டு வாங்கினேன். அவள் இருபத்திரண்டு வயதுக்காரி, இங்கேயே பிறந்தவள். பனிச் சப்பாத்தோடு வரவேற்பறையில் நின்றாள். பாவாடைக்குக் கீழே போட்ட நைலோன் காலுறை முழங்காலுக்குக் கீழே கிழிந்து ஓடியிருந்தது, மெட்ரோவில் யாரோ பையால் இழுத்துவிட்டார்களாம். கண்ணில் தண்ணீர் நிற்க, “அக்கா, நான் இனி எப்பிடி மேல போறது?” என்றாள். பெண் சட்டத்தரணிகள் எல்லோருடைய மேசை லாச்சியிலும் ஒரு புதுக் காலுறைப் பக்கெட் கிடக்கும். என்னுடையதை எடுத்துக் கொடுத்தேன். கழிவறைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தபோது ஆளே வேறாக இருந்தாள். நான் வேலைக்கு வந்த முதல்நாளில் என்னையே பார்ப்பது போல இருந்தது. பிடித்துப்போய்விட்டது.

சாப்பாட்டுக்கு எங்களோடு இன்னொரு இளம் சட்டத்தரணியும் வந்தான், கியூபெக்காரன், நல்ல பையன். அவன் இருக்கும்வரை நாங்கள் மூன்று பேரும் பிரெஞ்சில் கதைத்தோம். கேள்வி வந்தது. நான் தண்ணீர்க் கிளாசைத் தூக்கி மூன்று வசனமும் சொன்னேன். அவள் தலையாட்டிக் கேட்டாள். பிறகு அவனுக்கு ஒரு அழைப்பு வந்து வெளியே போய்விட்டான். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பனியில் மேல்கோட் இல்லாமல் நடந்து நடந்து கதைத்துக்கொண்டிருந்தான்.

அவள் மேசைக்கு மேலால் குனிந்து, “அக்கா, இப்ப தமிழில சொல்லுங்கோ. உண்மையா நீங்கள் இஞ்ச சந்தோசமா இருக்கிறியளோ?” என்றாள்.

இந்த இடத்தில்தான் நான் பிழை விட்டேன். மொன்றியலில் எங்கள் ஆட்கள் எல்லோரும் விடுகிற பிழைதான். பஸ்ஸிலும் லிஃப்டிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் பக்கத்தில் நிற்பவரைப் பற்றியே தமிழில் கதைத்துப் பழகியவர்கள் நாங்கள். தமிழில் சொன்னால் அது நாலு சுவருக்குள் சொன்னது மாதிரி, எங்கேயும் போகாது என்று ஒரு நம்பிக்கை.

“இல்லைத் தங்கச்சி,” என்றேன்.

அந்தச் சொல்லை நான் அதற்கு முன் எனக்குக்கூடச் சொன்னதில்லை. பிறகு நிறுத்த முடியவில்லை. பெட்டிகளைப் பற்றிச் சொன்னேன். ஒரு வேலையின் முடிவையும் காணாததைப் பற்றிச் சொன்னேன். அப்பாவின் பர்சில் இருக்கும் கார்ட்டைப் பற்றிச் சொன்னேன், அதனால்தான் போக முடியாமல் இருக்கிறேன் என்றும். அவள் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பையன் அழைப்பை முடித்துக் கதவைத் திறப்பதைக் கண்டேன். அவசரத்தில், இவளுக்கு எப்படியாவது மனதில் ஏற வேண்டும் என்ற அவசரத்தில், வாயில் வந்ததைச் சொன்னேன்.

“நீ என்ர சொந்தத் தங்கச்சியா இருந்தால் வாசலில குறுக்க படுத்து மறிப்பன். என்னை மிதிச்சுக்கொண்டு போ எண்டுவன்.”

அது என் வசனம் இல்லை. நமக்குள் இருக்கட்டும் என்று ஒருவர் மழைக்குள் எனக்குத் தந்தது. ஆள் பெயரைச் சொல்லவில்லை என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை என்னைச் சின்னக் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார்கள். ஆட்சேர்ப்புக்குப் பொறுப்பான பெண் ஒரு தாளோடு இருந்தார். பக்கத்தில் மதாம், பச்சைப் பேனையோடு. மொன்றியல் கிளையின் தலைமைப் பதவிக்கு அப்போது மதாமின் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது, வசந்தத்தில் முடிவு. நான் எனக்கு ஏதோ புதுப் பொறுப்புத் தரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். சிரித்துக்கொண்டு இருந்தேன் என்றே நினைக்கிறேன்.

பொறுப்பாளர் முதலில் அந்தப் பெண்ணைப் புகழ்ந்தார். நேர்முகத்தில் பங்குதாரர்கள் கேட்டார்களாம், எங்களைப் பற்றி நீ கேள்விப்பட்டதில் உன்னைப் பயமுறுத்தியது எது என்று. மாணவர்கள் எல்லோரும் அந்தக் கேள்வியில் வழுக்குவார்கள். இவள் வழுக்கவில்லை. தாளைப் பார்த்து வாசித்தார். “என் சமூகத்தைச் சேர்ந்த ஒரு அக்கா இங்கே வேலை செய்கிறார். வர வேண்டாம் என்று சொன்னார். நீ என் தங்கை என்றால் வாசலில் குறுக்கே படுத்து மறிப்பேன், என்னை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும் என்றார். ஆனால் எனக்குக் கடின வேலைக்குப் பயம் இல்லை. என் பெற்றோர் ஒரு பையோடு இந்த நாட்டுக்கு வந்தவர்கள்.”

பங்குதாரர்களுக்கு அது மிகவும் பிடித்துவிட்டதாம். அந்த அறையிலேயே அவளை எடுப்பது என்று முடிவெடுத்தார்களாம்.

அவள் என் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. எங்கள் நிறுவனத்தில் இருந்த தமிழரை எண்ண ஒரு விரல் போதும்.

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அந்த ஒரு பை எனக்குக் கொதியைக் கிளப்பியது. என் அப்பா அம்மாவும் பையோடு வந்தவர்கள்தான், நான் அதை ஒரு நேர்முகத்திலும் கொண்டுபோய் வைக்கவில்லை. நான் கண் கலங்கச் சொன்னதை அவள் ஏணியாக்கி, என் காலுறையைப் போட்டுக்கொண்டே ஏறிவிட்டாள். ஆனால் அதைவிட என்னை உலுக்கியது வேறு. வாசலில் குறுக்கே என்று வாசித்தபோது மதாமின் பேனை நின்றது. அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். கோபம் இல்லை. பயம். பத்தொன்பது வருடத்தில் யாருக்கும் காட்டாத பயம் என்று நினைக்கிறேன்.

பொறுப்பாளர் என்னைக் கேட்டார். “இது நீங்கள் சொன்னதா? உங்களுடைய வார்த்தைகளா?”

ஒரு வார்த்தை போதும். இல்லை, இது இவர் எனக்குக் காரில் சொன்னது என்று சொல்ல ஐந்து விநாடி ஆகாது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த மதாம் என் கண்ணுக்கு முன்னால் வந்தார். அவர் நம்பித் தந்ததை நான் ஏற்கெனவே ஒரு தடவை வெளியே விட்டுவிட்டேன், இனியும் விடக் கூடாது என்று நினைத்தேன். இன்னொன்றும் நினைத்தேன். அதை மறைக்காமல் சொல்கிறேன். நான் இதைத் தாங்கிக்கொண்டால் அவர் என்னைத் தாங்குவார் என்று நினைத்தேன்.

“ஓம், என்னுடைய வார்த்தைகள்தான்,” என்றேன் பிரெஞ்சில்.

மதாம் மூச்சை விட்டார். பிறகு பேனையை மூடி மேசையில் வைத்து, நான் முன்பு கேட்டிராத ஒரு தட்டையான குரலில் சொன்னார். “எனக்கு மிகவும் ஏமாற்றமாக இருக்கிறது. நாங்கள் உன் மேல் வைத்த நம்பிக்கையை நீ இப்படி நடத்தியிருக்கக் கூடாது. இங்கே சந்தோசமாக இல்லாதவர்கள் வந்து சொல்லலாம், என் கதவு எப்போதும் திறந்துதான் இருக்கிறது.”

கதவு! நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயாவது ஒரு மூலையில், கண்ணிலோ உதட்டிலோ, எனக்கு மட்டும் விளங்குகிற ஒரு சின்ன அசைவு இருக்கும், இது இவர்களுக்காகச் சொல்கிறேன் பிள்ளை, பொறுத்துக்கொள் என்று. தேடித் தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவர் தாளைத் திருப்பிப் பொறுப்பாளரிடம் தள்ளினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அம்மா வீட்டில் இருந்தபோது லவால் அன்ரி வந்தார். கையில் ஒரு பெரிய பட்டர் கேக், மேலே கஜு வைத்தது. மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று சொல்லி என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டார்.

“எல்லாம் நீ கதைச்சபடியாத்தான் பிள்ளை. அவள் சொன்னவள், அக்கா சொன்னதை வைச்சுத்தான் இன்டர்வியூவில விளாசினன் எண்டு. கடவுள் உன்னை நல்லா வைச்சிருப்பார்.”

அம்மா உச்சி குளிர்ந்துபோனார். கேக்கை வெட்டி முதல் துண்டை என் கையில்தான் தந்தார். அவர்கள் இருவரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் சாப்பிட்டேன். நல்ல கேக். இன்னொரு துண்டும் சாப்பிட்டேன். பிறகு அம்மாவின் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்தப் பெண் இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி எடுத்தாள். “அக்கா, நான் உங்கட பேர் சொல்லேல்லை. கேட்டவங்கள் எல்லாரும் சிரிச்சவங்கள், கோவிக்கேல்லை. பிரச்சினை ஒண்டும் இல்லைத்தானே?” இல்லை என்றேன். அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லையா, தெரியாதது போல இருந்தாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சில நாள் ஒன்றை நம்புவேன், சில நாள் மற்றதை.

இப்படியான நிறுவனத்தில் யாரும் உன்னைப் போ என்று சொல்வதில்லை. வேலை வராது, அவ்வளவுதான். முதலில் சாப்பாட்டுப் பட்டியலில் இருந்து என் பெயர் போனது. பிறகு பெட்டிகள் வேறு ஆட்களுக்குப் போயின. எந்தப் பெட்டிகளைக் கண்டு அலுத்துப்போனேனோ, அந்தப் பெட்டிகளுக்காக ஏங்கிக்கொண்டு வெறும் மேசையில் இருந்தேன். நடைபாதையில் மதாம் எதிரே வந்தால் குட்மோர்னிங் போல ஒரு தலையசைப்பு. ஒவ்வொரு நாளும் இன்றைக்குக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். காரில் ஒருக்கால் போவோம் வா என்பார். டெக்காரியில் வண்டிகள் நிற்கும். அப்போது நன்றி என்று ஒரு சொல் சொல்வார். அந்த ஒரு சொல்லுக்காக ஆறு மாதம் இருந்தேன். மானம் கெட்டவள் என்று என்னை நானே திட்டிக்கொண்டும் இருந்தேன்.

அவர் வசந்தத்திலேயே தலைவராகிவிட்டார். இலையுதிர்காலத்தில் நான் விலகல் கடிதம் கொடுத்தேன். எனக்கு ஒரு நற்சான்றிதழ் எழுதி, உறையில் போட்டு, அறைக்குக் கூப்பிட்டுத் தந்தார். கதவு சாத்தியிருந்தது, நாங்கள் இரண்டு பேர் மட்டும். இப்போதாவது என்று நான் நின்றேன். அவர் எழுந்து வந்து என் தோளைத் தொட்டார்.

“உன்னை நம்பலாம் என்று எனக்கு எப்போதும் தெரியும்,” என்றார்.

அவ்வளவுதான். அன்றைக்குச் சொல்லியிருந்தால் பாதுகாப்பாக இருந்திருக்கும் எனக்கு, இப்போது சொல்வது பாதுகாப்பாக இருந்தது அவருக்கு. என்னைக் கைகழுவியதை அவர் ஒரு பாராட்டாக மாற்றி என் கையிலேயே தந்துவிட்டார். நான் மெர்சி என்றேன். ஐந்து வருடப் பழக்கம் அது, வாய் தானாகச் சொல்லிவிட்டது. லிஃப்டில் கீழே இறங்கும்போது உறையைக் கிழித்தேன். நல்ல சான்றிதழ். பிறகு அதை வைத்துத்தான் எனக்கு வேலை கிடைத்தது, அதையும் சொல்ல வேண்டும்.

கோட்-டே-நேஜ் பக்கம், வீடு வாடகைக்கு இருப்பவர்களுக்கு உதவும் ஒரு சின்ன அலுவலகம். முதல் மாடி, கீழே ஒரு தெப்பனேர், பாலும் பியரும் விற்கிற கடை. அப்பா பர்சில் இருந்து பழைய கார்ட்டை எடுக்கவில்லை, நானும் எடுக்கச் சொல்லவில்லை. அம்மா கோயில் மண்டபத்தில் மாடிக் கணக்குச் சொல்வதை நிறுத்தினார். அது எனக்கு வலித்தது. ஆனால் வேலை எனக்குப் பிடித்தது. ஒரு மனிசி வந்து வீட்டில் ஹீற்றர் வேலை செய்யவில்லை, பிள்ளைகள் மேல்கோட்டோடு படுக்கிறார்கள் என்பார். நான் கடிதம் எழுதுவேன், விசாரணைக்குப் போவேன். ஒரு மாதத்தில் அதே மனிசி வந்து ஹீற்றர் சுடுகிறது என்பார். முடிவு என் மேசைக்கு வந்துசேரும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் நான் நித்திரை கொள்ளத் தொடங்கினேன்.

மூன்று வருடம் போன பிறகு, மறுபடி ஒரு மாசியில், வேலை நேரத்தில் அந்தப் பெண்ணின் அழைப்பு வந்தது. குரலே மெலிந்திருந்தது. மதாமின் பகுதியில்தான் வேலை செய்கிறாள், என் பெட்டிகள் அவளுக்குப் போய்விட்டன. இதெல்லாம் எனக்கு அம்மா மூலம் தெரியும். நலம் விசாரித்தாள், அப்பாவின் நெஞ்சு எப்படி என்று கேட்டாள். பிறகுதான் விசயத்துக்கு வந்தாள்.

“அக்கா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் எனக்கு வயித்தைப் பிசையுது. சாப்பாடு இறங்குதில்லை. வீட்டில சொல்லேலாது. அம்மா எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறா. எனக்கு இஞ்ச ஒருத்தரும் உண்மை கதைக்கினமில்லை. உங்களிட்டத்தான் கேக்கலாம். நீங்கள் விட்டிட்டுப் போனது சரியோ? இப்ப சந்தோசமா இருக்கிறியளோ?”

பதில் என்னிடம் இருந்தது. மூன்று வருடமாக யாராவது கேட்பார்களா என்று காத்திருந்த பதில். ஓம் தங்கச்சி, சந்தோசமாக இருக்கிறேன், விட்டுவிட்டு வா, ஒன்றும் ஆகாது, அம்மாமார் கொஞ்ச நாளில் பழகிவிடுவார்கள். இருபது சொல் வராது. அவள் வாசலில் நிற்கிறாள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. என் மேசையில் தண்ணீர்க் கிளாஸ் இருந்தது. நான் அதைக் கையில் எடுத்தேன்.

“வேலை கடினம்தான்,” என்றேன், பிரெஞ்சில். “ஆனால் ஆட்கள் அருமையானவர்கள். இங்கே ஒரு நாளைப் போல இன்னொரு நாள் இருக்காது.” ஒரு மிடறு குடித்தேன். “வேறோர் இடத்தில் வேலை செய்வதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.”

அந்த மூன்று வசனமும் அவளுக்கு மனப்பாடம். அந்த வாரமும் ஏதோ ஒரு உணவகத்தில் இருந்து மாணவர்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருப்பாள். கடைசியில், “விளங்குது, அக்கா,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அவள் என்னைக் காட்டிக்கொடுத்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது, எதிரே மூன்று பங்குதாரர்கள் இருந்தார்கள். மதாமுக்கு முன்னால் ஒரு பதவி இருந்தது. நான் அவளைக் கைவிட்டபோது எனக்கு முன்னால் ஒருவரும் இருக்கவில்லை, ஒன்றும் இருக்கவில்லை. கதவடியில் ஒரு கிழவர் ஈரத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தார். நான் மிச்சத் தண்ணீரைக் குடித்துவிட்டு அவரை உள்ளே வரச் சொன்னேன்.